வெளிநடப்புக்கு வாங்கிய பட்டாசு

அந்தப் பட்டாசை வாங்கியது நான்தான். கட்சிக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. நானாகக் கடைக்குப் போய், பெரிய சரமாகப் பார்த்து வாங்கி வந்து, வண்டியூர் தெப்பக்குளத்து முக்கில் பட்டப்பகலில் நீளமாக விரித்துக் கொளுத்தினேன். இன்றைக்கும் அந்த முக்கைக் கடந்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

யாருக்காகக் கொளுத்தினேன் என்று பெயர் சொல்ல மாட்டேன். மனிதர் இன்னும் மேடையேறுகிறார், கைதட்டலும் வாங்குகிறார். எதிர்க்கட்சிக்காரர், டெல்லியில் மேல்சபை உறுப்பினர், எங்களுக்கெல்லாம் அண்ணன். அது போதும்.

எனக்கு வண்டியூரில் ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிப்பேன். அண்ணனுக்குப் பல வருடமாக மேடைக் குறிப்பு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். தாளில் எழுதிக் கொடுத்தால் காற்றில் படபடத்து மைக்கில் சத்தம் விழும். அதனால் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சும் அட்டைத் துண்டுகளில், உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுப்பேன். சில அட்டைகளின் பின்பக்கம் பாதிப் பிள்ளையார் இருப்பார். அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசுவார், கீழே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மனுசன் மனசிலிருந்து பேசுறாருப்பா என்பார்கள். நான் டீக்கடை ஓரமாக நின்று உள்ளுக்குள் பூரித்துப் போவேன்.

டெல்லியில் எது நடந்தாலும் எங்களிடம் அதற்கொரு அட்டை இருந்தது. நம்மிடமிருந்து வசூலாகிப் போகிற வரிக்குத் திரும்பி வரும்போது மட்டும் வழி மறந்துவிடுகிறதே, ஏன்? பிள்ளைகளை அளவாகப் பெற்றதற்குத் தண்டனையாகத் தொகுதிகளைக் குறைப்பீர்களா? பன்னிரண்டு வருடம் படித்த படிப்பை ஒரே மத்தியானத்தில் செல்லாது என்று சொல்லும் நுழைவுத் தேர்வு யாருக்காக? நாடு முழுக்க ஒரே நேரத்தில் தேர்தலை முடித்துவிட்டால் அப்புறம் ஐந்து வருடம் நம்மூர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பவன் எவன்? எல்லாம் நான் எழுதியவை. எழுதியது மட்டுமில்லை, நம்பினேன். பேப்பரை வரிவிடாமல் படித்து, மசோதாவின் நகலை இணையத்திலிருந்து இறக்கிப் படித்து, அகராதியோடு மல்லுக்கட்டித்தான் எழுதினேன்.

ஒருதலைப்பட்சமாக எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆட்கள் அதிகாரத்தில் இருந்தபோது செய்த கூத்துகள் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வதிலும் ஒன்றிரண்டு நியாயம் உண்டு என்பதும் தெரியும். அட்டையில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்போதுதான் நூறு நாள் வேலைத் திட்டத்தை மாற்றும் மசோதா வந்தது. அதில் ஒரு பிரிவு, நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றது. மற்ற மசோதாக்கள் எனக்கு ஊர் விவகாரம். இது வீட்டு விவகாரம். எழுமலையில் இருக்கும் என் அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. நடவு வயலின் சேற்றில் ஒரு காலை வைத்தால் அடுத்த காலை உருவ முடியாது. ஊரே நடவுக்குப் போகிற மாதங்களில் அவளுக்கு இருப்பது நூறு நாள் திட்டத்தில் வரும் அந்தக் கண்மாய் வேலை ஒன்றுதான். அத்தான் போனபிறகு அவள் யாரிடமும் கைநீட்டியதில்லை, என்னிடமும் கூட.

எழுமலை பஜாரில் தெருமுனைக் கூட்டம் போட்டோம். நான் அக்காவுக்குப் போன் செய்து வேலைக்கு வரும் பெண்களையெல்லாம் கூட்டி வரச் சொன்னேன். அவர்கள் பயந்தார்கள். கூட்டத்துக்குப் போனால் நாளைக்கு வேலை லிஸ்டில் பெயர் வருமோ வராதோ, நமக்கு எதுக்கு வம்பு என்றார்களாம். அந்த அண்ணனுக்கு எழுதிக் கொடுப்பதே என் தம்பிதான், அவர் சொன்னால் செய்வார் என்று அக்காதான் வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரு வேன் நிறைய அழைத்து வந்தாள். நான் அவளை முன்வரிசையில், மேடையை ஒட்டி உட்கார வைத்தேன்.

அன்றைக்கு அண்ணன் பேசியதைப்போல் நான் கேட்டதில்லை. பேச்சின் உச்சத்தில் மேடையை விட்டு இறங்கி நேராக வந்து என் அக்காவின் கையைப் பிடித்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. மைக்கில் சொன்னார்:

“இந்தக் கையைப் பிடிச்சு சத்தியமாச் சொல்றேன். இந்த மசோதாவுக்கு எதிரா விழுற மொத ஓட்டு என் ஓட்டாத்தான் இருக்கும்.”

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

வாக்கெடுப்பு நாளன்று கடையில் டிவியை ஓடவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானம் செய்தி ஓடியது: எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு. அடுத்த நிமிடம் அண்ணன் திரையில் வந்தார். கறுப்புத் துண்டு, உயர்த்திய கை, பின்னால் நாடாளுமன்றக் கட்டடத்தின் தூண்கள். என் அட்டையில் இருந்த வரிகளை ஒன்றுவிடாமல் முழங்கினார். அப்போதுதான் பட்டாசுக் கடைக்கு ஓடினேன். வெடித்து முடித்த கையோடு, வெளிநடப்பு செய்த வேங்கையே என்று போஸ்டரும் போட்டேன். கூறுகெட்ட வேலை. எங்கள் ஊர் அரசியலில் வெளிநடப்பு என்றால் வீரம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வெளியே போகிறவன் ஓட்டுப் போட முடியாது என்பது அந்தச் சத்தத்தில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

உறைத்தது அக்காவுக்கு. போனில் சொன்னபோது, ஓட்டுப் போட்டாரா என்று கேட்டாள். வெளிநடப்பு அதைவிடப் பெரிசுக்கா என்றேன். “எங்க வேலையில ஆள் கணக்குக்குப் போட்டோ எடுக்குற நேரத்துல எடத்துல இல்லேன்னா, அன்னைக்கு வேலைக்கே வரலைன்னுதான்டா எழுதுவாக” என்றாள். நான் சிரித்தேன். இது வேற, அது வேறக்கா என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கமும் சொன்னேன்.

மசோதா நிறைவேறியது. அடுத்த கூட்டத்துக்கு அட்டை தயாரிப்பதற்காக வாக்கெடுப்பு விவரத்தை இறக்கிப் பார்த்தேன். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களின் பட்டியல் அதில் இருந்தது. எங்கள் கூட்டணியிலேயே இருக்கிற சின்னக் கட்சிகளின் ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். நான் மூன்று தடவை மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துத் தேடினேன். எங்கள் அண்ணன் பெயர் இல்லை.

அவர் மதுரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போனேன். சால்வைகள் குவிந்து கிடந்தன. பட்டியலை நீட்டினேன். அவர் வாங்கக்கூட இல்லை. உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, நிதானமாகச் சொன்னார்.

“மாப்ள, எப்படியும் பாஸாகியிருக்கும். உள்ள கை தூக்குனா யாருக்குய்யா தெரியும்? கேமரா வெளியதான நிக்குது.”

சின்னக் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்களே அண்ணே என்றேன். அவர்களை எவன் டிவியில் காட்டினான் என்று கேட்டார். சத்தியம் செய்தீங்களே என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அவர் என் தோளில் தட்டி, தொகுதி மறுவரையறைக்கு ஒரு செட் அட்டை போட்டுடு, இந்த வாரக் கடைசியில திருவாதவூர்ல பேசணும் என்றார். நான் காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் எழுமலைக்குப் பஸ் ஏறினேன். அக்கா கண்மாய் வேலையில் இருந்தாள். வேலை நிற்கும் மாதங்கள் அடுத்து வருகின்றன என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம். வேனில் வந்த பெண்கள் அவளோடு சேர்ந்து உட்காரவில்லை. கருவேல நிழலில் தனியாக, சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், கேமரா, காபி எதையும் மறைக்கவில்லை. அவர் துரோகி என்றேன், பச்சைத் துரோகி என்றேன், இனி அவர் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றேன். அக்கா சோற்றை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏன்டா, கையப் பிடிச்சு சத்தியம் பண்ணாரே. அது அவரு நெஞ்சுல வந்ததா, நீ எழுதிக் குடுத்ததா?”

நான் கண்மாயைப் பார்த்தேன். அந்த அட்டை எனக்கு இப்போதும் கண்ணில் தெரிகிறது. எங்கோ திருமங்கலத்துக் கல்யாணத்தில் மிஞ்சிய மஞ்சள் அட்டை. சத்திய வரிக்கு மேலே, அடைப்புக்குறிக்குள் அடித்திருந்தேன்: இங்கே இறங்கி வந்து, முன்வரிசையில் இருக்கும் பெண்ணின் கையைப் பிடிக்கவும். பிடிக்க வசதியாக அவளை அங்கே உட்கார வைத்ததும் நான்தான்.

“நான் எழுதுனதுதான்க்கா” என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தூக்கை மூடினாள். தூரத்தில் பணித்தளப் பொறுப்பாளர், மத்தியானப் போட்டோவுக்கு எல்லாரும் வந்து நில்லுங்க என்று சத்தம் கொடுத்தார். கரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, இரண்டடி போனவள் திரும்பினாள்.

“அடுத்த கூட்டத்துக்கு நான் எங்கிட்டு உக்காரணும், எப்ப கைய நீட்டணும்னு அதையும் ஒரு அட்டையில எழுதிக் குடுத்துரு தம்பி.”

நொண்டியபடி போய், மற்ற பெண்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நின்றாள். பொறுப்பாளர் இரண்டு தடவை போட்டோ எடுத்தார். அக்கா என் பக்கம் பார்க்கவில்லை.