பச்சை காட்டிய திரை

என் தங்கை சிவரூபி வென்றவை: எட்டு மாதம் கணித ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ சித்தி, நான் வலைத் தங்கூசி நூலால் மூடியைக் கட்டிக் கொடுத்த பழைய மடிக்கணினியில் மென்பொருள் படிப்பு, பதினொரு ஆண்கள் இருந்த திருகோணமலை நிறுவனமொன்றில் வேலை. நாலாவது, ஒரு பச்சை விளக்கு. அதை நினைத்தால் எனக்கு இன்னும் அழுகிய மீன் மணக்கும்.

அந்த நிறுவனம் எங்கள் சல்லிக் கிராமத்து மீனவர் சங்கத்துக்கு ஒரு செயலி செய்தது. போட்டில் கொண்டுபோகும் போனில் அதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் திரை. மற்றது திரைக்குப் பின்னால் ஓடி, நாங்கள் நிற்கும் இடத்தைக் கரைக்கு அனுப்புவது. அனுப்பினால் திரையில் பச்சை எரியும்.

2024 ஜூன் 2, ஞாயிறு. கடலில் போகும்போது காலை 6.10க்கு, பட்டரி மிச்சம் பிடிக்க, எல்லாரும் செய்வதுபோல் திறந்திருந்த செயலிகளைத் தள்ளி மூடிவிட்டுப் போனைத் தண்ணீர் படாமல் சொப்பிங் பையில் சுற்றினேன். 8.40க்கு எஞ்சின் நின்றது. சிக்னல் ஒரு கோடுதான்; அழைப்பு எடுபடவில்லை. செயலியைத் திறந்தேன். பச்சை.

9.25க்குத் தூரத்தில் ஒரு போட் போனது.

"அண்ணே, சேட்டைக் கழட்டிக் கொடி மாதிரி வீசுவமா?" என்றான் கூட்டாளி பிரதீஸ்.

"கரைக்குத் தெரியும். பச்சை எரியுதுதானே. பேசாம இரு."

போட் போய்விட்டது. பிடித்த மீன் மதியத்துக்குள் அழுகி, அதன் நீர் கணுக்கால்வரை நின்றது. இரண்டு பேரும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. 3.15க்கு நிலாவெளிப் போட் ஒன்று தற்செயலாகக் கண்டு எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது.

வீட்டில் சிவரூபி அழுதுகொண்டு நின்றாள். "அண்ணா, உங்களிட்ட இருந்து கடைசியா வந்தது ஆறு பத்து. அந்த இடத்திலதான் தேடினவை."

நான் மூடியபோதே பின்பகுதி நின்றுவிட்டதாம். மீண்டும் திறந்தபோது திரை அதைக் கேட்கவில்லை. முன்பு காட்டிய நிறத்தையே காட்டியிருக்கிறது.

அவள் செயலியைத் திருத்தினாள். பின்பகுதி நிமிடத்துக்கொரு முறை திரைக்குத் தன் இருப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லாவிட்டால் திரை சிவக்கும். அவளுடைய நிறுவன முகாமையாளர் குலசிங்கம் அதை எடுத்துவிட்டார்.

"சிவப்பைக் கண்டா சனம் பயப்படும், தங்கச்சி. பச்சைதான் வடிவு."

"அண்ணா பயந்திருந்தா சேட்டை வீசியிருப்பார், சேர்."

அவர் சிரித்தாராம். அதே செயலியை நாற்பது போட்டுக்குக் கொடுக்க, "திருப்தி" என்று எழுதிய சோதனைத் தாள் முத்திரைக்காகச் சங்கத்துக்கு வந்தது. செயலாளர் நான். படித்தது ஒன்பதாம் வகுப்புதான். ஆனால் எந்தத் தாளையும் இருமுறை வாசிப்பேன். "சோதித்தவர்" என்ற இடத்தில் குலசிங்கத்தின் ஒப்பம். பழைய மூன்று தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். சோதித்தது என் தங்கை. ஒப்பம் எல்லாம் அவருடையது. அந்த அழுகல் நாற்றம் மூக்கில் ஏறியது. சோதித்தவரே என் முன் ஒப்பமிட வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன்.

குலசிங்கம் சிவரூபியையும் கூட்டிக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்.

"உன்ர அண்ணன்ர கரைச்சல். ஒரு ஒப்பம் வை, போதும்."

சிவரூபி பேனையை வாங்கினாள். "திருப்தி" என்பதை வெட்டினாள். "ஏற்க முடியாது. திரை பின்பகுதியைக் கேட்காமல் பதில் சொல்கிறது" என்று எழுதி, முழுப்பெயரில் ஒப்பமிட்டாள். குலசிங்கம் என்னைப் பார்த்தார். நான் அதன் மேல் சங்க முத்திரை குத்தினேன்.

ஆறாம் நாள் செயலி சிவப்பு விளக்கோடு திரும்பி வந்தது. அந்தத் தாள் சங்க அலுமாரியில் இருக்கிறது. அவளுடைய பெயரின் கீழ் அவளே எழுதிய திகதி: 14.06.2024.