பல்பு சரியில்லை

கொஞ்ச நாளைக்கு முன்னால் கரண்ட் ஆபீசுக்குச் சண்டை போடப் போயிருந்தேன். பில் விஷயமாக இல்லை. பவர் கட் விஷயமாகவும் இல்லை. ஒரு பல்பு விஷயமாக!

அதுவும் என் வீட்டுப் பல்பு இல்லை. எங்கள் டெய்லர் வீட்டுப் பல்பு.

தனசேகர் மாஸ்டரை சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. சொந்த ஊர் தென்னேரி. அண்ணன் தம்பிகள் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட, இவர் மட்டும் தையல் கற்றுக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார். பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் என்றால் மாஸ்டர்தான். பார்டர் ஒரு நூல் பிசகாமல் கையில் வந்து உட்காரும். முகூர்த்த மாதங்களில் அவரிடம் துணி கொடுக்கவே சிபாரிசு தேவைப்படும். வீட்டின் முன்னறைதான் கடை. கூடமாட உதவி எல்லாம் மனைவி சுமதி.

இந்த வருஷம் கரண்ட் ஆபீஸ்காரர்கள் எங்கள் தெருவில் ஒரு முகாம் போட்டார்கள். பழைய பல்பைக் கொடுத்துவிட்டு எல்.ஈ.டி. பல்பை வாங்கிக்கொள்ளலாம், மின்சாரம் மிச்சமாகும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டே போனார்கள். நல்ல திட்டம்தானே? தெருவே குண்டு பல்பும் டியூப்லைட்டுமாகக் கிளம்பிவிட்டது. நானும் மாற்றினேன். மாஸ்டரும் தையல் மிஷினுக்கு மேலே தொங்கிய பல்பை மாற்றினார்.

அன்றைக்கு ஆரம்பித்தது புலம்பல்.

"இன்னாமா பல்பு குடுத்திருக்கானுங்க? வெளிச்சமே வரல. ஊசி காதே தெரிய மாட்டேங்குது!"

என்னிடம் மட்டுமா? துணி கொடுக்க வந்தவர், வாங்க வந்தவர், வழியில் போனவர் எல்லாரிடமும். எல்லாரும் என்ன சொன்னோம்? "சும்மா மாத்திக் குடுக்கிறது வேற எப்படி இருக்கும் மாஸ்டர்?" அரசாங்கம் கொடுக்கிற எதுவும் மட்டமாகத்தான் இருக்கும் என்பதில் நமக்குத்தான் எவ்வளவு ஒற்றுமை! ஒருத்தராவது அண்ணாந்து அந்தப் பல்பைப் பார்த்தோமா என்றால்... இல்லை.

கடையில் வேறு பல்பு வாங்கிப் போட்டார். அதுவும் டூப்ளிகேட் என்றார். இன்னும் பெரிதாக ஒன்று வாங்கினார். அதுவும் சரியில்லை. சுமதியைக் கேட்டேன். "ஆமாக்கா, மங்கலாத்தான் எரியுது" என்றாள்.

கடைசியில் ஒருநாள் முகாமில் வாங்கிய பல்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க பேப்பர்ல எழுதறவங்க. கூட வந்தா கொஞ்சம் பயப்படுவாங்க. வாங்கமா."

எனக்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பால்காரர் உட்பட. ஆனாலும் போனேன்.

ஆபீசில் இருந்த இன்ஜினியர் சின்னப் பெண். நாங்கள் எதிர்பார்த்த மாதிரி எரிந்து விழவில்லை. உட்காரச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். பல்பை வாங்கி, சுவரில் இருந்த ஹோல்டரில் மாட்டச் சொல்லி சுவிட்சைப் போட்டார்.

பளீரென்று எரிந்தது. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டேன்.

"பாத்தீங்களா மேடம்? எப்பிடி அழுது வடியுது பாருங்க!" என்றார் மாஸ்டர்.

ஆபீசில் இருந்தவர்கள் பல்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து மாஸ்டரின் பக்கவாட்டில் நின்று நீட்டினார். அவர் வாங்கவில்லை. தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். டம்ளர் மெல்ல நகர்ந்து முகத்துக்கு நேரே வந்தது. அப்போதுதான் திடுக்கிட்டு, "தண்ணியா? குடும்மா" என்று வாங்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க... கண் டாக்டர்கிட்ட காட்டினீங்களா? எங்கப்பாவும் இப்படித்தான் வீட்டுல லைட்டை மாத்திட்டே இருந்தார்."

வந்ததே கோபம்! "பல்பு சரியில்லன்னு வந்தா என் கண்ணு சரியில்லன்றியா? நல்ல நியாயம்மா இது!"

விருட்டென்று எழுந்தார். வெளியே வரும்போது கதவில் தோள் இடித்தது. "இத யாரு இங்க வெச்சது?" என்று கதவைத் திட்டினார்.

சாயங்காலம் சுமதி என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுதுக்கா. மொத நாள்லேர்ந்தே."

"அப்புறம் ஏன் மங்கல்னு சொன்னே?"

"உனக்கும் அப்படித்தான தெரியுதுன்னு கேட்டுக்கினே இருப்பாரு. இல்லன்னு சொல்ல வாய் வரலக்கா. இல்லன்னா அப்புறம் என்ன அர்த்தம்? மத்தியானம் அவரு படுத்ததும், கோணலாப் போன தையலப் பிரிச்சிட்டு நான் மறுபடி அடிச்சி வெப்பேன். ஜாக்கெட் கெட்டுப்போச்சுன்னு யாரும் ஒரு வார்த்தை அவரைச் சொல்லிடக் கூடாதில்ல..."

மறுநாள் காலையில் அவளே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். மாஸ்டர் கத்தவில்லையாம். மிஷினிலிருந்து காலை எடுத்தார். நூலை அறுத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "போலாம் வா" என்றாராம். அவ்வளவுதான்.

கண் அழுத்த நோய். வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். "போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம். முன்னாடியே வந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை சுமதி தினமும் தனக்குள் முடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று தோன்றுகிறது. எத்தனை பல்பு மாறியது, எத்தனை யூனிட் மிச்சம் என்றெல்லாம் கணக்கு எடுப்பார்கள். எடுக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் பல்பு வாங்க வீடு தவறாமல் ஆள் வருகிறதே... அதே முகாமில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, கண் பார்க்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைக்கக் கூடாதா? வெளிச்சத்தைக் கொடுப்பவர்கள் அது போய்ச் சேர்கிறதா என்றும் பார்த்தால் என்ன?

போன வாரம் ஒரு ஜாக்கெட் துணியோடு போயிருந்தேன். மிஷினில் சுமதி. மாஸ்டர் வாசல் பக்கமாக ஸ்டூலில். என் குரலைக் கேட்டுத்தான் முகத்தைத் திருப்பினார். மருந்து விடும் நேரம் போல. சுமதி எழுந்து வந்து அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டாள். குழந்தை மாதிரி அண்ணாந்து காட்டினார். பிறகு அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

"சுமதி தையல் எப்படி மாஸ்டர்?" என்றேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"என்னைவிட சுத்தம்மா." மூடிய கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். மருந்துதான் என்று நினைத்துக்கொண்டேன். குரலைத் தாழ்த்தினார். "பல்பு மங்கலான்னு அவகிட்ட தெரியாமயாமா கேட்டேன்? உள்ளுக்குள்ள தெரியும். நான் பயந்துக்கினே கேட்டேன். அவளும் பயந்துக்கினே சொன்னா. அவளைக் குத்தம் சொல்லி என்ன?"

துணியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது வெளிச்சம் போதவில்லை என்றால்... பாசத்தில் உடனே ஆமாம் போட்டுவிடாதீர்கள்.