மகளின் மூன்றாவது தாண்டல்

எங்கள் வீட்டில் யாரும் தனியாக எங்கும் போவதில்லை. பெண் பார்க்கப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு வேன் நிறைய ஆள் போக வேண்டும். பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் விளையாட்டுக் கோட்டா சீட்டுக்காக என் மகளைத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். அதற்கும் அப்படித்தான் அவிநாசியிலிருந்து பதினோரு பேர் கிளம்பினோம். என் மனைவியின் அண்ணன் விசில் வேறு வாங்கி வந்திருந்தார்.

நீளம் தாண்டுதல். மூன்று வாய்ப்பு. அவள் வாங்கிய மார்க்குக்கு வேறு வழியில் அந்தக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. அந்த ஒரு சீட்டுக்காக ஆறு வருஷம் விடிகாலையில் எழுந்து ஓடியவள்.

முதல் முறை ஓடி வந்து, மிதிக்க வேண்டிய பலகையைத் தாண்டிக் கால் வைத்துவிட்டாள். சிவப்புக் கொடி, தாண்டியது செல்லாது. இரண்டாவது முறையும் அதேதான். பள்ளி மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு பலகையை மிதிக்கிறவள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் இல்லை, வேனில் வந்த கூட்டத்தின் மேல். விசிலும் கைதட்டலும் "உடாத அம்மணி" என்ற கத்தலும் சேர்ந்தால் எந்தப் பிள்ளைதான் நிதானமாக ஓடும்? படபடப்பில் காலடி நீண்டுவிடுகிறது, பலகை தப்புகிறது. லேத் ஓட்டுகிற எனக்கே அது தெரிந்தது.

மணல் குழிக்கு அந்தப் பக்கம், அவள் ஓடி வரும் திசைக்கு நேர் எதிரே நான் நின்றிருந்தேன். அவளைக் கிட்டே கூப்பிட்டேன்.

"பதறாத கண்ணு. இவங்களையெல்லாம் டீ குடிக்கலாம்னு பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

வந்த சொந்தத்தைப் போகச் சொல்வது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமல்ல. டீயைக் காட்டித்தான் நகர்த்த வேண்டும்.

அவள் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "அவங்க இருக்கட்டுங்கப்பா. நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய போறீங்களா?"

"நானா? நான் வாயே தொறக்கலையே!"

"அதானுங்கப்பா. பல்லக் கடிச்சுட்டு நிக்கறீங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்குப் பயமாகுதுங்க."

சுருக்கென்றது. திட்ட வாயெடுப்பதற்குள் அவள் போய்விட்டாள். ஓட்டம் தொடங்குவதற்கு வைத்த அடையாளத்தை ஒரு அடி பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தாள். பயம் எப்படியும் போகப் போவதில்லை, காலடி நீளத்தான் போகிறது என்று அவளாகவே கணக்குப் போட்டிருக்கிறாள்.

கேட்டுக்கு வெளியே பேக்கரியில் போய் நின்றேன். வாங்கிய டீ கையிலேயே ஆறியது. பதினேழு வருஷம் வளர்த்த அப்பனைப் பார்த்து வெளியே போ என்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. அவளைப் பயமுறுத்தியது நான்தான் என்பதும் புரிந்தது, அது இன்னும் அவமானமாக இருந்தது. அப்போது மைதானத்திலிருந்து விசில் கேட்டது. நிறுத்தாமல் கேட்டது.

சீட் கிடைத்துவிட்டது. வேனில் திரும்பும்போது மனைவியின் அண்ணன் செல்போனில் எடுத்ததைக் காட்டினார்.

"பாருங்க மாப்ள, நம்ம புள்ள எப்படிப் பறக்குதுன்னு!"

ஓடி வருகிறாள். பலகையைச் சரியாக மிதிக்கிறாள். வெள்ளைக் கொடி. மணலிலிருந்து எழுந்தவள் சிரித்தபடி நேர் எதிரே பார்க்கிறாள். நான் அங்கே இல்லை. சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் கூட்டத்தில் என்னைத் தேடுகிறது.