ஐம்பத்தொன்றாவது ஸ்லைடு

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மைக் அண்ணன் எண்ணுகிறார். பதினாறு, பதினேழு, பதினெட்டு. திரையில் இருக்கும் வரிகளைத்தான். பன்னிரண்டைத் தாண்டினாலே அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "பேச வந்தாரா, ஒப்பிக்க வந்தாரா? இதை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே!" அந்தப் பெட்டி அறைக்குள் என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. அந்தத் தைரியம்தான்.

ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய அரங்கில் மைக், விளக்கு, புரொஜெக்டர் எல்லாம் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. படித்தது மின்சார வேலை. கேட்டது நாலாயிரம் உரைகளுக்குக் குறையாது. சட்டைப் பையில் இடது பக்கம் தீர்ந்த பேட்டரி, வலது பக்கம் புது பேட்டரி. "கடைசி வரிசைக்குத் தெரியாது, மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் அட்டவணையைப் போடுகிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. "தெரியாதுன்னு தெரியுதில்ல? அப்புறம் எதுக்குய்யா போடுற?"

தனக்குப் புரிந்த உரைகளுக்கு மட்டும் சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். இதுவரை பத்தொன்பது கோடுகள். அறிவியல் அவருக்கு எட்டாது என்று யாரோ ஒருமுறை கேலி செய்தபோது பிடித்துக்கொண்டார். "எனக்குப் புரியலைன்னா நான் மக்கு, ஒத்துக்கறேன். முன் வரிசையில முப்பது பேர் தூங்கறாங்களே, அவங்களும் மக்கா?" கேலி செய்தவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

போன வியாழக்கிழமைக் கோபம் மட்டும் வேறு மாதிரி. அன்று பேச வந்த டாக்டரம்மா, கல் அறுக்கும் பட்டறைகளில் ஆறு வருடம் அலைந்து தொழிலாளிகளின் நுரையீரலைப் பரிசோதித்தவர். மைக் அண்ணனின் மச்சினனும் அப்படி ஒரு பட்டறையில்தான் கல் அறுக்கிறான். முப்பத்துநாலு வயது. மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றுவிடுகிறான். கேட்டால், "சளிதான் மாமா, சரியாயிடும்" என்கிறான். அதைக் கேட்டுவிட்டு அவன் அக்கா சமையலறைக்குள் போய் அழுகிறாள்.

காலையில் கணினியை இணைத்துப் பார்த்தபோதே மைக் அண்ணன் ஸ்லைடுகளை எல்லாம் பார்த்துவிட்டார். ஐம்பத்தொன்றாவதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எக்ஸ்ரே. கல்லின் மேல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே அறுத்தவருடையது ஒன்று. வறட்டுக் கல்லை அறுத்துத் தூசியைத் தின்றவருடையது மற்றொன்று. அதைப் பார்த்ததும் அவர் நேரே டாக்டரம்மாவிடம் போனார்.

"அம்மா, இதை முதல்ல போட்டுடுங்க. பட்டறைக்கெல்லாம் தண்ணிக் குழாய் கட்டாயமா வேணாமான்னு முடிவு பண்றவங்க அஞ்சு பேரும் இன்னைக்கு முன் வரிசையில உக்காரப் போறாங்க."

டாக்டரம்மா சிரித்தார். "அப்படிச் செய்ய முடியாதுண்ணே. பின்னணி, வழிமுறை, அப்புறம்தான் முடிவு. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

கொடுத்தது பதினைந்து நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் அவர் தனக்கு முன்னால் ஆராய்ந்தவர்களின் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். பதினான்காவது நிமிடத்தில் மூச்சை அளக்கும் கருவியின் படம். மணி அடித்தது. "மேடம், நேரமாச்சு" என்றார் கூட்டத் தலைவர். டாக்டரம்மா கையிலிருந்த தாள்களை அடுக்கினார். "இன்னும் நிறைய இருக்கு... பரவாயில்லை, நன்றி." திரையில் முப்பத்தேழாவது ஸ்லைடு. முன் வரிசையில் ஐந்து கோப்புகளும் மூடிக்கொண்டன. ஒருவர் எழுந்தே விட்டார்.

"ஆறு வருஷம்! அத்தனை பேரை ஊதச் சொல்லி எழுதி எடுத்துட்டு வந்து, நன்றியாமே நன்றி! என் மச்சினன் மூச்சு என்ன ஆகறது?" என்று மைக் அண்ணன் பெட்டி அறைக்குள் குமுறினார். பேச்சாளரின் ஸ்லைடை அவர் இத்தனை வருடத்தில் ஒருநாளும் தொட்டதில்லை. இப்போது விசைப்பலகையை இழுத்து ஐம்பத்தொன்றைத் தட்டினார். அடுத்து, அரங்கின் விளக்குகளை மொத்தமாக அணைத்தார்.

இருட்டில் சுவரளவுக்கு இரண்டு நுரையீரல்கள் தெரிந்தன. எழுந்தவர் வழி தெரியாமல் நின்றார். "என்ன இது?" என்றது முன் வரிசையில் ஒரு குரல்.

டாக்டரம்மாவுக்குப் படிக்க இப்போது தாள் தெரியவில்லை. "இவர் தண்ணி விட்டு அறுத்தவர். இவர் தண்ணி இல்லாம அறுத்தவர். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு."

நின்றவர் மெல்ல உட்கார்ந்தார்.

"லைட்! யாருப்பா அங்கே, லைட்டைப் போடுங்க!" என்று தலைவர் கத்தினார்.

மைக் அண்ணன் ஒரு கையால் டாக்டரம்மாவின் குரலைக் கூட்டி வைத்தார். இன்னொரு கையை முழங்கை வரை சுவிட்சுகளின் மேல் கிடத்தி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.