அண்ணன் பூசிக்கொடுத்த அண்டா

அடி அண்ணாமலையில் ஆதிலட்சுமியின் புளிச்சோறு என்றால், பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் நின்று வாங்கிப்போவார்கள். பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும் என்பதால், அண்டாவின் உள்ளே ஈயம் பூசவேண்டும். அதை அவளுடைய அண்ணன் தருமனே செய்துகொடுத்தான். செங்கம் ரோட்டில் பேட்டரி கடை வைத்திருந்தவன்.

"ஊரான்கிட்ட ஏன் போற? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவான்.

விற்றது போக, அடியில் ஒட்டியதை வழித்துத் தின்றவள் அவள்தான். எழுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து வயிற்றைப் பிசையும் வலி. இரண்டு கரு தங்கவில்லை. 'கண்ணு பட்டுடுச்சு' என்று தருமனே எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டான்.

மூன்றாவது தங்கியபோது வேலூருக்குப் போனாள். ஈறில் ஓடிய நீலக்கோட்டைப் பார்த்து, ரத்தமும் எடுத்துப் பார்த்த டாக்டர், சமைக்கும் பாத்திரத்தை விசாரித்தார். பூசியது வெள்ளீயம் அல்ல, விஷமான காரீயம் என்றார். புளி அதைக் கரைத்துச் சோற்றில் சேர்த்திருக்கிறது.

"வெசம்னா உடம்பு வெளிய தள்ளிடாதுங்களா?"

"அதுக்கு அடையாளம் தெரியாதும்மா. சுண்ணாம்புச் சத்துனு நம்பி எலும்புல சேத்து வெச்சுக்கும். புள்ள சுண்ணாம்பு கேக்கறப்ப, இதையும் எடுத்துக் குடுத்துடும்."

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி சரோஜா சோறு போட வந்தாள். அவள் பாத்திரம் வெள்ளையாக மின்னியது.

"இதுக்கு எந்த ஈயம் அண்ணி?"

"பஜார்ல வாங்கற வெள்ளீயம்தான். பேட்டரி ஈயம் ஆவாதாம். அதைத் தொட்டாலே கை கழுவச் சொல்வாரு உங்க அண்ணன்."

சாப்பிட உட்கார்ந்திருந்த தருமன் தலை குனிந்தான். "வெள்ளீயம் வெல ஜாஸ்தி ஆதி. கொஞ்சூண்டுதானே போவுது, ஒண்ணும் ஆவாதுனு நெனச்சேன்."

"உன் வீட்டுக்கு மட்டும் நெனைக்கல."

அண்டாவை அன்றைக்கே ஒதுக்கினாள். எலும்புக்குள் இருப்பதை என்ன செய்வது?

ஏழாம் மாதம் வளைகாப்புக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு தருமன் வந்தான். தூக்குத் தூக்காய்ச் சோறு, வளையல், பூ. ஆதிலட்சுமி வாசலை மறித்து நின்றாள்.

"வளையல் வரட்டும். சோறு வேணாம்."

"பொறந்த வீட்டுச் சோத்த வேணான்னா புள்ளைக்கு ஆவாதுடி" என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள்.

"ஆவாதத எல்லாம் ஏற்கெனவே தின்னுட்டேன் பெரிம்மா" என்றாள் ஆதிலட்சுமி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு.