உண்மையைச் சொல்லிக் கெடுத்த கதை

அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். ஒரு பழைய நாவலைப் படித்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் மனதில் பட்டதை நோட்டில் எழுதித் தர வேண்டும்.

அந்த நாவலில் வரும் கணவன்மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். “கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையாவது ‘சாப்பிட்டாயா’ என்று இந்த மனுஷன் கேட்டதுண்டா?” என்று எழுதி, நோட்டை ஃப்ரிட்ஜ்மேல் வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தியாகதுருகத்தில் உரக்கடை. போன வாரம் ஒரு மதியம் கடையிலிருந்து போன்.

“சாப்டியா?”

யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போனேன். மறுநாளும் போன். “இன்னா கொழம்பு?” அப்புறம் தினமும். மதியமானால் நானும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

இன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். “அந்த நோட்டுல இன்னும் என்னப் பத்தித்தான் எழுதிக்கினு இருக்கியா?”

“ஐயோ, அது நீங்க இல்லீங்க! நாவல்ல வர்ற புருஷன்” என்று சிரித்துவிட்டேன்.

“அட, அவனா? ஒரு வாரமா எனக்கு மனசே சரியில்ல” என்று அவரும் சிரித்தபடி வண்டியை எடுத்தார்.

மணி மூன்றாகிறது. போன் வரவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருக்கு நிம்மதி; எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இனி நான் எதை எழுதினாலும் அது அந்த நாவல் புருஷன் கணக்கில்தான் போகும்.

இவருக்கென்று தனி நோட்டு போடலாமா, தோழிகளே?