மூடியில் எழுதிய சர்க்கரை

பெரணியின் வித்துத்தூளைக் கண்ணாடித் தட்டில் தூவினால் முதலில் செடி வராது. நகக்கண் அளவுக்கு இதய வடிவில் ஒரு பச்சைப் படலம்தான் வரும். அதில் ஈரம் பட்டு, கருவுறுதல் நடந்த பிறகே இலை எழும். தட்டில் ஊற்றும் ஊட்டக்கூழில் சர்க்கரை சேர்த்தால் கருவுறுதல் நடக்காமலே இலை வரும் என்று காட்டுவதுதான் சிதம்பரத்தில் என் ஆய்வு. காட்டியும் விட்டேன். சர்க்கரைத் தட்டுகளில் இலை, வெறும் தட்டுகளில் படலம் மட்டும். என் கைடு மேடம் பூரித்துப்போய்க் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிவிட்டார். உதவித்தொகை முடிய இரண்டே மாதம். இதை நம்பித்தான் என் தீசிஸ்.

அன்று காலை ஒரு மூடியின் உட்புறம் நீர் கோத்திருந்ததைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. இலை வருவதற்கு முன்பு ஒரு சாயங்காலம், கடலூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், எல்லா மூடிகளையும் ஒரேயடியாகக் கழற்றி, நீரைத் துடைத்து, இரண்டு அடுக்காக வைத்துத் திரும்ப மூடியிருந்தேன். 'சர்க்கரை', 'வெறும்' என்று எழுதியிருந்தது மூடியில். எந்த அடுக்கு எந்தத் தட்டுகளுக்குப் போனது? தட்டின் அடியில் எழுது என்பது ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லித் தருவது. கழுதை, என்னத்தைப் படித்துக் கிழித்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. இலை வந்த தட்டிலிருந்து ஒரு துண்டு கூழ், வராததிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஜன்னலோரம் எறும்பு ஊரும் இடத்தில் இரண்டு காகிதங்களில் வைத்தேன்.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தார். "என்னாடி, எறும்புக்கு டிபன் போடுறியா?"

"சும்மா இருங்கக்கா."

எறும்புகள் இலை வராத துண்டை மொய்த்தன. பாழாய்ப்போன எறும்பே, இந்தப் பக்கம் வந்து தொலையேன்! வரவில்லை. இன்னும் மூன்று ஜோடித் தட்டுகளில் வெட்டி வைத்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. இலை வந்ததெல்லாம் வெறும் தட்டு. சர்க்கரையால் ஒன்றும் நடக்கவில்லை. மூடியிலிருந்து சொட்டிய நீரில் வழக்கம்போலக் கருவுறுதல் நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காகிதங்களை அப்படியே ஒரு ட்ரேயில் எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மேடம்."

'அப்போ விட்டுடு' என்று அவர் சொல்லிவிட வேண்டுமே என்று அந்த நிமிடம் வேண்டிக்கொண்டேன். சத்தியமாக வேண்டிக்கொண்டேன். வெட்கக்கேடுதான்.

மேடம் உட்கார்ந்து, சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக நாலு வரி தட்டச்சு செய்தார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"தட்டு நீ போட்டது. நீயே அனுப்பு."

அனுப்பினேன்.

"ரெண்டு மாசத்துல மறுபடி முதல்லேர்ந்து செஞ்சி முடிச்சிடலாமா மேடம்?"

"முடியாதும்மா" என்றார், என் முகத்தைப் பார்த்தே.